மலிவான ரோமத்தில் ஃப்ளை கட்டலாம்: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன் பிடிக்கும் செயற்கை இரையான ஃப்ளையைக் கட்டப் பழகும்போது தூண்டில் முள்ளுக்கும் நூலுக்கும் ஆகும் செலவு கொஞ்சம்தான். காசு கரைவது சின்னச் சின்னப் பாக்கெட்டில் வரும் ரோமத்தில். இந்த நிறத்துக்கு ஒன்று, அந்தப் பூச்சிக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டே போனால் முடிவே இருக்காது. அதற்குத் தேவையும் இல்லை. கையகல முயல் தோல் ஒன்று, வளர்ப்பு நாயைச் சீவும்போது சீப்பில் வரும் ரோமம், ஒரு பிடி ஆட்டுக் கம்பளி, இவை போதும். தண்ணீருக்கடியில் மீன் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவற்றை இவற்றை வைத்தே கட்டிவிடலாம். விலை குறைந்த ரோமம் என்பதால் மீன் விலகிப் போய்விடாது. ஃப்ளை கெட்டுப்போவதற்குக் காரணம் அநேகமாக அளவுக்கு மீறிய ரோமம்தான். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதைத்தான்.

இறகு, ரோமம், நூல் இவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்யும் செயற்கை இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். அதில் ரோமத்துக்கு நெடுநாளாகவே இடம் உண்டு. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியாவில் மீன்பிடிக்கிறவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இறகு இரண்டையும் சேர்த்துக் கட்டியதை எழுதிவைத்திருக்கிறார். ஃப்ளையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரங்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கும் உடம்பு கம்பளிதான்.

தண்ணீரில் விழுந்ததும் ரோமத்தின் மெல்லிய இழைகள் விரிந்து, லேசான ஓட்டத்துக்குக்கூட அசையும். இழைகளுக்கு நடுவே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் தங்கி வெளிச்சத்தில் மினுங்கும். நிறமும் ஒரே மாதிரி இருக்காது. காட்டு நிற முயலின் ஒற்றை முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். அடி சாம்பல், நடுவில் வெளிறிய பழுப்புப் பட்டை, நுனி கறுப்பு. பூச்சியின் உடம்பிலும் இப்படித்தான், எங்கே பார்த்தாலும் இரண்டு மூன்று சாயல் கலந்தே இருக்கும்.

உள்ரோமமும் மேல்முடியும்

ரோமம் அடர்ந்த தோல் ஒன்றை விரலால் பிரித்துப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். தோலை ஒட்டி அடர்த்தியாக, மென்மையாக, லேசாகச் சுருண்டு இருப்பது உள்ரோமம். அதற்கு மேலே நீளமாக, விறைப்பாக, பளபளப்பாக நிற்பது மேல்முடி. உள்ரோமத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதனால் நூலில் திரிக்க எளிது. மேல்முடி தனியாகத் திரிக்க வராது, வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். ஆனால் உள்ரோமத்தோடு கொஞ்சம் கலந்துவிட்டால் அங்கங்கே குத்திட்டு வெளியே நின்று பூச்சியின் கால்களாகவும் செவுள்களாகவும் தெரியும்.

இரண்டையும் பிரிப்பது சுலபம். கத்தரியைத் தோலோடு ஒட்டி வைத்து ஒரு சின்னக் கொத்தை வெட்டுங்கள். அடிப்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீண்டு நிற்கும் நுனிகளைப் பற்றி இழுத்தால் மேல்முடி தனியே வந்துவிடும். அதைத் தூக்கி எறியாதீர்கள். வாலுக்கு அதுதான் வேண்டும்.

எங்கே தேடுவது

முதலில் வாங்க வேண்டியது முயல் தோல். பதனிட்ட முயல் தோல் கைவினைப் பொருள் விற்கும் இடங்களில் மலிவாகவே கிடைக்கும். ஒரு தோலிலேயே முதுகில் கருமை, விலாவில் சாம்பல், வயிற்றில் வெள்ளை என்று பல நிறம் இருக்கும். முகமும் காதும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே இருக்கும் முடி குட்டையாக, விறைப்பாக இருக்கும், முரட்டு உடம்பு கட்ட அதைவிடச் சிறந்தது குறைவு.

நாய் வளர்க்கிறவர்களுக்குச் செலவே இல்லை. குளிர்ப் பிரதேச இனங்களுக்கும், மந்தை காக்கும் நீண்டமுடி இனங்களுக்கும் உள்ரோமம் அடர்த்தியாக இருக்கும். உதிர்காலத்தில் சீவினால் கை நிறைய வரும். குட்டைமுடி நாயின் ரோமம் பெரும்பாலும் வெறும் மேல்முடி, அதைக் கலவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பூனை ரோமம் மிக மெல்லியது, சின்ன முள்ளில் கட்டும் ஃப்ளைக்கு நன்றாக வரும். ஆட்டுக் கம்பளி நீளமாக இருப்பதால் 2 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் முள்ளில் சுற்றும்போது கயிறு கயிறாகத் திரண்டுவிடும்.

பழைய துணி விற்கும் கடைகளில் ரோமக் காலர் வைத்த மேலங்கி கண்ணில் பட்டால் விடாதீர்கள். தோல் காய்ந்து வெடித்துப் போயிருந்தாலும் ரோமம் நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு காலர் பல ஆண்டு வரும். அது நிஜ ரோமமா, செயற்கையா என்பதில் சந்தேகம் இருந்தால் நாலு இழையை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். நிஜ ரோமம் தலைமுடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும்.

காட்டு விலங்குகளின் ரோமத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் தோலையும் முடியையும் வைத்திருப்பதே குற்றம். சாலையில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்தாலும் அதே சட்டம் பொருந்தும் இடங்கள் உண்டு. உண்ணி, நோய்த்தொற்று ஆபத்து வேறு. உங்கள் ஊர்ச் சட்டம் தெளிவாகத் தெரியாதவரை வளர்ப்பு விலங்குகளின் ரோமத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி. மீன் பிடிக்க அதுவே தாராளம்.

கழுவி, உறைய வைத்து, அப்புறம் பெட்டியில்

சீப்பில் வந்த ரோமத்தை அப்படியே பயன்படுத்தினால் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி ஷாம்பு விட்டு, ரோமத்தை அதில் அமிழ்த்தி மெல்ல அழுத்துங்கள். கசக்கவோ தேய்க்கவோ கூடாது. சூடும் உராய்வும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று இறுகிக் கம்பளத் துண்டாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, பழைய துண்டில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். செல்லப் பிராணிக்கு அண்மையில் உண்ணி மருந்து போட்டிருந்தால் அந்த ரோமம் வேண்டாம். அந்த மருந்துகளில் சில தண்ணீரில் வாழும் பூச்சிகளுக்கு விஷம்.

அடுத்த எதிரி அந்துப்பூச்சி. அதன் புழு ரோமத்தையும் இறகையும் தின்றே வளரும். ஒரே ஒரு தோலில் முட்டை இருந்தாலும் மொத்தப் பெட்டியும் போய்விடும். புதிதாக வந்த எந்த ரோமத்தையும், வாங்கியதாக இருந்தாலும், ஈரம் இல்லாமல் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உறைபெட்டியில் −18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிட்டால் உள்ளே ஈரம் கோக்காது. இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் அந்து புகுந்துவிட்டால் ரோமத்தோடு இறகும் போய்விடும்.

கலப்பது

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கடைப் பாக்கெட்டுக்குத் தேவையே இல்லாமல் செய்துவிடுவதும் இதுதான்.

கொஞ்சம்தான் வேண்டும் என்றால் கையே போதும். இரண்டு நிற ரோமத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இழுத்துப் பிரித்து, மறுபடி அடுக்கி, மறுபடி பிரியுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் நிறங்கள் கலந்துவிடும். நிறைய வேண்டும் என்றால் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றி, ஒரு துளி சோப்புத் திரவம் விட்டு, ரோமத்தைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பிறகு வடிகட்டியில் கொட்டி, அலசி, தண்ணீரைப் பிழிந்துவிட்டுத் தாளில் பரப்பிக் காயவிடுங்கள். காய்ந்ததும் மெல்லிய ஏடாக வரும், வேண்டும்போது கிள்ளிக்கொள்ளலாம். மசாலா அரைக்கும் சின்ன மிக்ஸி ஜாரிலும் அடிக்கலாம், ஆனால் அந்த ஜாரை அதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். இழை 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பிளேடில் சுற்றிக்கொள்ளும், விட்டுவிட்டு இரண்டு விநாடி ஓட்டினால் போதும். ரோமத் தூளை மூச்சில் இழுக்காதபடி முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கலவை இப்படி இருக்கட்டும்: முயல் முதுகின் உள்ரோமம் ஆறு பங்கு, அதே இடத்து மேல்முடி இரண்டு பங்கு, சாம்பல் நிற நாய் ரோமம் ஒரு பங்கு, மங்கிய ஆரஞ்சோ மஞ்சளோ தோய்த்த கம்பளி ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்கு கலவையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதை விட்டுவிட்டுக் கலந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இல்லாதது செத்த நிறமாக இருக்கும்.

சாயம் தோய்க்க உணவு வண்ணமே போதும். ரோமம் புரதம் என்பதால், கொஞ்சம் வினிகர் கலந்த சூடான தண்ணீரில் அந்த வண்ணத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். கொதிக்க விடாதீர்கள். வெளிறிய பழுப்பு வேண்டும் என்றால் கெட்டியான டீ டிகாஷனில் ஊறவைக்கலாம். எந்த நிறத்தையும் நனைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ஈரமானதும் ரோமம் நிறைய கறுத்துவிடும், மீன் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

வேண்டிய கருவிகள்

முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ், நூல் உருளையைத் தாங்கும் பாபின், கூர்மையான சின்னக் கத்தரி, ஒரு தடித்த ஊசி. இவ்வளவுதான். வைஸ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம், முள் ஆடாமல் பிடித்தால் சரி. கத்தரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனி வரை வெட்டாத கத்தரியால் நூலுக்குப் பக்கத்தில் வெட்டவே முடியாது. அதே கத்தரியால் கம்பியை வெட்டாதீர்கள், அதற்குப் பழைய கத்தரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் 6/0 அளவு, பழுப்பு நிறம். இன்னும் மெல்லிய நூல் அழகாக இருக்கும், ஆனால் பழகும் கைக்கு அடிக்கடி அறுந்துபோகும். முள் 12-ஆம் எண், தண்டு கொஞ்சம் நீண்ட வகை. எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். நூலில் தடவ ஒரு துண்டு தேன்மெழுகு, முடிச்சில் வைக்க நிறமில்லாத நகப்பூச்சு. பழைய மின்கம்பி ஒன்றைச் சீவினால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் கிடைக்கும், அது உடம்பில் வரி போடுவதற்கு. எடைக்கு ஈயக் கம்பி வேண்டாம். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு விஷம், பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. ஈயமில்லாத கம்பியோ, கொஞ்சம் தடித்த செம்புக் கம்பியோ போதும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் நூலே இல்லாமல் செம்புக் கம்பியாலேயே நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை, கட்டினார். எடையும் கட்டும் ஒரே கம்பியில் முடிந்துவிட்டது.

கட்டுவது

நாம் கட்டப்போவது ரோம நிம்ஃப். நீருக்கடியில் கல்லை ஒட்டி வாழும் இளம்பூச்சியின் சாயல். குறிப்பாக இந்தப் பூச்சி என்று சொல்ல முடியாது, பலவற்றின் சாயலும் இருக்கும். அதுதான் இதன் பலம்.

வைஸில் மாட்டும் முன், முள் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிக்கவும் எளிது, உங்கள் விரலில் ஏறினால் எடுக்கவும் எளிது. முள்ளின் வளைவை வைஸ் பிடிக்க, தண்டு தரைக்கு இணையாக, கண் (தூண்டில் கயிறு கட்டும் துளை) உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். இடக்கைக்காரர்கள் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

எடைக் கம்பியைத் தண்டின் முன்பாதியில் எட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு கண் அகலம் வெறுமையாக விடுங்கள். இந்த வெற்றிடத்தை இப்போதே மனதில் பதிய வையுங்கள், கடைசியில் தலை கட்ட இடம் வேண்டும். நூலைக் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, அதன்மேலேயே நாலைந்து சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நுனியை வெட்டிவிட்டு, கம்பிக்கு மேலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, பின்னால் வளைவு தொடங்கும் இடம் வரை கொண்டுபோங்கள். நூல் எப்போதும் தண்டின் மேலாக எதிர்ப்பக்கம் போய், அடியில் நம் பக்கம் திரும்பும். வெறும் தண்டில் எதுவும் வழுக்கும், நூல் சுற்றிய தண்டில்தான் எல்லாம் நிற்கும்.

இப்போது வால். எடுத்து வைத்த மேல்முடியில் எட்டுப் பத்து இழை போதும். தண்டில் பாதி நீளத்துக்கு வெளியே நீட்டி நிற்கும்படி, வளைவின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முடியையும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். நூலை அந்த இரு விரல்களுக்கு இடையே மேலே கொண்டுவந்து, தளர்வாக ஒரு வளையம் விட்டு, மறுபக்கமும் விரல்களுக்கு இடையேயே கீழே இறக்குங்கள். விரலை விடாமல் நூலை நேர்கீழே இழுத்து இறுக்குங்கள். இப்படிச் செய்தால் வால் நடுமுதுகில் நிற்கும். விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டால் நூல் முடியைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும். இனி கட்டும் எல்லா ஃப்ளைக்கும் இதே பிடிதான், இதைப் பழக ஒரு முழு மாலையைக் கொடுத்தாலும் வீணில்லை.

வாலின் அடியிலேயே செம்பு இழையைக் கட்டி, பின்னால் தொங்கவிடுங்கள். அப்புறம் நூலில் மெழுகை ஒருமுறை லேசாக இழுத்துவிடுங்கள். பிசுபிசுப்பு விரலுக்குத் தெரிந்தாலே போதும்.

இனி டப்பிங், அதாவது நூலின்மேல் ரோமத்தை ஏற்றுவது. கலவையிலிருந்து தேவை என்று தோன்றும் அளவு கிள்ளுங்கள். அதில் பாதியைத் திருப்பி வையுங்கள். மீதியிலும் பாதியைத் திருப்பி வையுங்கள். கையில் இருப்பது இப்போது மெல்லிய புகை மாதிரி, பின்னால் இருக்கும் மேசை தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். அதை நூலோடு ஒட்டி வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே திசையில் திரியுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் திரித்தது அவிழ்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை திரித்து, விரலைத் திறந்து, பழைய இடத்துக்கு வந்து, மறுபடி அதே பக்கம். தண்டை ஒட்டித் தொடங்கிக் கீழே 4 சென்டிமீட்டர் வரை போங்கள். நூலின் நிறம் உள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. நூல் மறைந்துவிட்டால் ரோமம் அதிகம், உருவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

திரித்த நூலை வாலின் அடியிலிருந்து முன்னோக்கிச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்தது, இடைவெளி இல்லாமல். தண்டின் நடுவைத் தாண்டும் வரை இந்த மெல்லிய உடம்பு போகட்டும். பின்னால் ஒல்லியாகவும் முன்னே வரவரச் சற்றுப் பருத்தும் வர வேண்டும். மேலும் ரோமம் வேண்டும் என்றால் இன்னொரு கிள்ளு ஏற்றிக்கொள்ளலாம், ஒரே தடவையில் நிறைய ஏற்றுவதைவிட அதுதான் நல்லது.

செம்பு இழையை இப்போது நூல் சுற்றியதற்கு எதிர்த்திசையில், நாலைந்து சுற்று, சம இடைவெளி விட்டு முன்னே கொண்டுவந்து கட்டுங்கள். எதிர்த்திசையில் போவதால் அது ரோமத்தின் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும். மீன் பல்லில் பட்டு ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் உடம்பு அவிழாது. மிச்சக் கம்பியைப் பழைய கத்தரியால் வெட்டுங்கள், அல்லது முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்துவிடுங்கள்.

மார்புப் பகுதிக்கு மேல்முடியை இன்னும் கொஞ்சம் கூட்டிய முரட்டுக் கலவை. இங்கே மட்டும் கொஞ்சம் தாராளமாக ஏற்றலாம், திரியும் தளர்வாக இருக்கட்டும். உடம்பைவிட ஒன்றரை மடங்கு பருமன் வரும்வரை சுற்றுங்கள். ஆனால் கண்ணுக்குப் பின்னால் விட்ட வெற்றிடத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.

அந்த வெற்றிடத்தில் வெறும் நூலால் ஏழெட்டுச் சுற்று சுற்றித் தலை அமைத்து, நூல் அவிழாமல் முடிக்கும் விப் ஃபினிஷ் முடிச்சுப் போட வேண்டும். அதற்கென்று கருவி உண்டு. இல்லாவிட்டால் காலியான பால்பாயிண்ட் ரீஃபில் குழாய் போதும். குழாயின்மேல் நூலை ஒரு வளையமாகச் சுற்றி, குழாய் வாயை முள்ளின் கண்ணில் பொருத்தி, வளையத்தைத் தலைக்குத் தள்ளி இழுத்தால் ஹாஃப் ஹிச் என்னும் எளிய முடிச்சு ஒன்று விழும். இப்படி நாலு போட்டு, நூலை வெட்டி, ஊசி நுனியால் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். பூச்சு காயும் முன் கண் அடைபடாமல் இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள்.

கடைசி வேலையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஊசி நுனியால் மார்பின் அடியிலும் பக்கவாட்டிலும் ரோமத்தைக் கிளறி வெளியே எடுங்கள். உடம்பிலும் கிளறுவதாக இருந்தால், கம்பியின் அடியில் சிக்கிய இழையை இழுக்காமல், கம்பி வரிகளுக்கு இடையில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். மேல்முடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னோக்கி விரலால் நீவிவிட்டால் கால்கள் வந்துவிட்டன. கத்தரியால் சமப்படுத்த ஆசை வரும். வேண்டாம். வெட்டிய முனை மழுங்கலாக நிற்கும், இயற்கையான நுனிதான் தண்ணீரில் அசையும்.

சரியாக வரவில்லையா

கட்டியதும் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். காய்ந்தபோது கொழுத்துத் தெரிந்தது ஒல்லியாகி, கால்கள் மிதந்து அசைய வேண்டும். பந்து மாதிரி உருண்டையாகவே நின்றால் ரோமம் அதிகம்.

ரோமம் நூலில் நிற்காமல் வழுக்கி இறங்கினால் மேல்முடி அதிகமாகிவிட்டது, அல்லது கை காய்ந்திருக்கிறது. விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு திரித்துப் பாருங்கள். உள்ரோமத்தைக் கூட்டினாலும் சரியாகும். மேல்முடி நிறைய வேண்டும் என்று நீங்களே விரும்பினால் வேறு வழி உண்டு. நூலை 8 சென்டிமீட்டர் கீழே இழுத்து மடித்து மறுபடி தண்டில் கட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். அதன் இரு நூலுக்கும் நடுவே ரோமத்தைப் பரப்பி, அடியில் வளைத்த பேப்பர் கிளிப் ஒன்றை மாட்டிச் சுழற்றினால் இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டு எந்த முரட்டு முடியையும் பிடித்துவிடும்.

உடம்பு மேடும் பள்ளமுமாக வந்தால் கலவை சரியாகப் பிரியவில்லை, கட்டி இருக்கிறது. மறுபடி இழுத்துப் பிரியுங்கள். தலைக்கு இடமே இல்லாமல் போனால் மார்பை முன்னே தள்ளிவிட்டீர்கள். பழகுகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும், முதல் சில ஃப்ளைகளுக்கு வெற்றிடத்தை மூன்று கண் அகலமாக்கிக்கொண்டால் சரியாகிவிடும். பிடிக்காத ஃப்ளையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. பிளேடால் தண்டின் மேல் கீறினால் எல்லாம் உரிந்து வரும், முள் மறுபடி புதிது.

இந்த நிம்ஃபும் கடினமாக இருந்தால் இன்னும் எளிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வால்ட் யங் கட்டிய வால்ட்ஸ் வோர்ம் என்னும் ஃப்ளையில் வாலும் கிடையாது, வரியும் கிடையாது. எடைக் கம்பி, அதன்மேல் முயல் ரோமம், தலை, முடிந்தது. ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை நம்பிப் போடுகிறார்கள். ரோமத்தைச் சரியான பருமனில் சுற்றப் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே ரோமம், வேறு ஃப்ளை

நீரின்மேல் மிதக்கும் ஃப்ளைக்கு மேல்முடியை முழுவதும் நீக்கிவிட வேண்டும். முயல் ரோமம் தண்ணீரை உறிஞ்சும், அதனால் மூழ்கும் ஃப்ளைக்கே அது ஏற்றது. மிதக்க வேண்டும் என்றால் பீவர், மஸ்க்ராட் போன்ற நீர்வாழ் விலங்குகளின் உள்ரோமம் சிறந்தது, பழைய காலர்களில் அவை கிடைப்பதுண்டு. 1922-இல் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் ஃப்ளையின் சாம்பல் உடம்பு மஸ்க்ராட் ரோமம்தான். மிதக்கும் ஃப்ளையில் புகை மாதிரி என்று சொன்ன அளவைவிடவும் குறைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி மீன் போலக் கட்ட வேண்டும் என்றால் தோலோடு சேர்ந்த ரோமப் பட்டை வேண்டும். டான் பைஃபோர்ட் உருவாக்கிய சோங்கர் வகை ஃப்ளை அப்படிப்பட்டது. பதனிட்ட முயல் தோலை ரோமம் கீழே தொங்கும்படி காற்றில் பிடித்துக்கொண்டு, தோல்பக்கத்தில் மட்டும் கூரிய பிளேடால், முடி சாயும் திசையிலேயே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறுங்கள். மேசைமேல் வைத்து வெட்டினால் பிளேடு ரோமத்தையும் சேர்த்து வெட்டிவிடும். பட்டையைத் தலையிலும் வளைவுக்கு மேலும் என இரண்டு இடத்தில் கட்டி, வால் பக்கம் கொஞ்சம் தொங்கவிட்டால் போதும். சுண்டிச் சுண்டி இழுக்கும்போது அந்தத் தொங்கல் நெளிவதைப் பார்த்துப் பெரிய மீன் பாயும்.

கலவைகளைச் சின்ன ஜிப் பையில் போட்டு, என்ன ரோமம், எத்தனை பங்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நல்ல கலவை ஒன்று அமைந்துவிட்டால் மறுபடி அதையே செய்யத் தோன்றும், நினைவில் இருக்காது. மீன்பிடித்து வந்ததும் ஈர ஃப்ளைகளை அப்படியே பெட்டியில் மூடிவிடாதீர்கள். ரோமம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் முள் துருப்பிடித்து அந்தத் துரு உடம்பிலும் ஏறிவிடும். பெட்டியைத் திறந்தபடி இரவு முழுக்க விட்டு, காலையில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துக் காய்ந்த பிறகு மூடுங்கள்.